இளம்பேடுகளுக்குத் தடியும் பெட்டியும்

சென்ற மாதம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று வடமராட்சியிலிருந்து ஒரு தாயார் எழுதியது. அதன் சாரத்தை அவருடைய சொற்களிலேயே தருகின்றோம்:

"நாலு மாதமாகத் தீன் போட்டு 8 பேட்டுக்குஞ்சுகளை வளர்த்தெடுத்தேன். முட்டையிடுவதற்கென்று பலகையில் 3 பெட்டிகள் செய்வித்துக் கூட்டுக்குள் வைத்தேன். கோழிகளோ இரவில் அந்தப் பெட்டிகளுக்குள் நெருக்கியடித்துப் படுத்து எச்சமிட்டு வைக்கின்றன. பகலில் அவை எங்கே முட்டையிடுகின்றன என்பதே தெரியவில்லை. நேற்று வேலியோரப் பற்றைக்குள் 11 முட்டைகளைக் கண்டெடுத்தோம். நல்லவையோ கூழோ என்று அறியாமல் அவ்வளவையும் புதைத்துவிட்டோம். நான் எங்கே பிழை விட்டேன்?"

இந்தக் கேள்வி அந்தத் தாயார் ஒருவருடையது மாத்திரமன்று. 2023 ஆம் ஆண்டில் முட்டை கிடைப்பதே அரிதாகி, இந்தியாவிலிருந்து நம் நாட்டிற்கு முட்டை இறக்குமதி செய்யப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில், பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு முட்டையேனும் வீட்டிலேயே கிடைக்கட்டும் என்ற எண்ணத்துடன் பல குடும்பங்கள் மீண்டும் வளவுக் கோழிகளை நாடின. நாமும் அவ்வாறே நாடினோம். அந்தத் தாயார் விட்ட பிழையையே நாமும் விட்டோம். எமது பிழையின் விலை 11 முட்டைகளோடு நிற்கவில்லை. அதைப் பின்னர் சொல்வோம்.

கோழிக்கு இரவும் பகலும்

வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் காடுகளில் அது இன்றும் வாழ்கின்றது. நம் நாட்டுத் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி அதற்கு நெருங்கிய உறவு. வேறெந்த நாட்டிலும் அது இயற்கையாக வாழ்வதில்லை. இவ்விரண்டிற்கும் பொதுவான ஒரு வழக்கம் உண்டு. பகல் முழுதும் நிலத்தைக் கிளறி இரை தேடும். பொழுது சாய்ந்ததும் மரத்திலேறிக் கிளையில் அமர்ந்து உறங்கும். கோழிக்கு இருளில் கண் நன்றாகத் தெரியாது. நிலத்தில் உறங்கினால் நரிக்கும் பாம்புக்கும் இரையாக வேண்டியதுதான். ஆகவே இரவுக்கு உயரம் என்பது அதன் இரத்தத்தில் ஊறிய பாடம்.

முட்டையிடும் வேளையிலோ அதே பேடு நேர்மாறாக நடந்துகொள்ளும். அப்போது அது தேடுவது உயரத்தையன்று, மறைவை. மேலே கவிந்த இலை, மூன்று பக்கமும் அடைப்பு, உள்ளே மங்கல் வெளிச்சம், காலால் பறித்து மார்பால் அழுத்திக் குழியாக்கத்தக்க சருகு. காட்டில் இவை பற்றையின் அடியில் கிடைக்கும். வளவில் வேலியோரத்திலும், விறகுக் குவியலின் பின்புறத்திலும், சில வேளைகளில் குசினி மூலையில் கிடக்கும் பழங்கடகத்திலும் கிடைக்கும்.

எனவே கோழிக்கூட்டிற்குள் நாம் இரண்டு இடங்களை அமைக்க வேண்டும். இரவுக்குரியது உயர்ந்த தடி. பகலுக்குரியது தாழ்ந்த, மறைவான பெட்டி. இரண்டையும் எந்த உயரத்தில் வைக்கின்றோம், கோழிக்கு எந்தப் பருவத்தில் எதை முதலில் காட்டுகின்றோம் என்பவற்றைப் பொறுத்தே நன்மையும் தீமையும் வரும். தடிக்குப் பழகுமுன் பெட்டியைக் கண்ட இளம்பேடு அதையே படுக்கை என்று எண்ணிக்கொள்ளும். படுக்கையான பெட்டி எச்சத்தால் நனைந்து நாறும். அதற்குள் முட்டையிட மனமில்லாமல் பேடு பற்றையைத் தேடிப் போகும். வடமராட்சித் தாயாரின் வீட்டில் நடந்தது இதுவே.

எமது வீட்டில் நடந்தது

2023 ஆவணி மாதத்தில் 6 இளம்பேடுகளை வாங்கி வந்தோம். வயது ஏறத்தாழ 14 வாரம். அவை பிறந்தது முதல் தடி எதுவும் இல்லாத, உமி பரப்பிய தரையிலேயே வளர்ந்தவை. அதை அப்போது நாம் பெரிதாக நினைக்கவில்லை. கூட்டை எமது கையாலேயே கட்டியிருந்தோம். 4 அடி உயரத்தில் நல்ல தடித்த தடியொன்று. அதற்கு நேரெதிரே 1 அடி உயரத்தில் வரிசையாக முட்டைப் பெட்டிகள். பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

கோழிகள் மெச்சவில்லை. முதல் இரவே ஆறும் பெட்டிகளுக்குள் புகுந்துகொண்டன. தடியை ஒன்றேனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு கிழமை பொறுத்தோம். பின்னர் பொறுமை இழந்தோம். இருட்டில் மின்விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு குச்சியால் அவற்றைப் பெட்டிகளிலிருந்து வெளியே துரத்தி, பெட்டிகளைச் சாக்கால் மூடினோம். கூட்டுக்குள் பெரிய அமளி. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மூலையிற் குவிந்து, நெடுநேரம் கத்தி ஓய்ந்தன.

அடுத்த நாள் அந்தியில் ஐந்து கூட்டுக்கு வந்தன, ஒன்று வரவில்லை. 4 ஆம் தரத்திற் படித்துக்கொண்டிருந்த எம் பேர்த்தி 'புள்ளி' என்று பெயரிட்டு வளர்த்த சாம்பற்புள்ளிப் பேடு அது. கிணற்றடி முருங்கையின் கிளையொன்றில் அமர்ந்திருக்கக் கண்டோம். பேர்த்தி, "இறக்கிக் கூட்டுக்குள்ளே விடுங்கோ, அப்பப்பா" என்று கேட்டாள். இருட்டிவிட்டது, ஏணி வேறு பின் கொட்டிலிற் கிடந்தது. "நாளைக்குப் பார்ப்போம், பிள்ளை" என்று சொல்லிவிட்டோம்.

விடிய எழுந்து பார்த்தபோது முருங்கையின் கீழ் இறகுகள் கிடந்தன. மரநாயின் வேலை. எம் வளவுக் கூரையில் அது ஓடித்திரிவதை அதற்கு முன்னரும் பல இரவுகளிற் கேட்டிருக்கின்றோம்.

பேர்த்தி அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. கிணற்றடியில் நெடுநேரம் நின்றாள். பின்னர் எம்மிடம் வந்து கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்கு மூலம்.

"அப்பப்பா, புள்ளி முதலிலே துவைக்கிற கல்லிலே ஏறினது. பிறகு கிணற்றுக்கட்டிலே ஏறினது. அதிலே இருந்துதானே கிளைக்குப் போனது? நான் பார்த்தனான். கூட்டுக்குள்ளே ஏன் நீங்கள் அப்படிப் படி வைக்கேல்லை?"

எமக்கு மறுமொழி இருக்கவில்லை. அந்தப் பேட்டுக்கு உயரம் வேண்டியிருந்தது. தரையிலிருந்து ஒரே எட்டில் 4 அடிக்கு ஏற அது பழகியிருக்கவில்லை. கூட்டில் நாம் கொடுக்காத படியை அது கிணற்றடியில் தானே தேடிக்கொண்டது.

குழந்தை கண்ணாற் கண்டு சொன்னதை ஆய்வாளர்களும் பரிசோதித்திருக்கின்றார்கள் என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். சுவீடன் நாட்டவர் சிலர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு நாள் வயதுடைய 30 குஞ்சுகளை இரு கூட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்திற்கு முதல் நாளிலிருந்தே தடிகள் இருந்தன. மற்றதற்கு 8 வாரம் வரை தடியே இல்லை. அதன் பின்னரே கொடுக்கப்பட்டது. 15 வாரமளவில் எல்லாக் கோழிகளும் இரவில் தடியில் உறங்கப் பழகிவிட்டன. வெளிப்பார்வைக்கு வேறுபாடில்லை. 16 ஆவது வாரத்தில் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் 10 கோழிகளைப் பசியோடு விட்டு, உணவை உயரத்தில் வைத்துச் சோதித்தார்கள். 40 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்தபோது இரு கூட்டங்களும் ஒரே மாதிரி ஏறின. உணவை இன்னும் உயர்த்தி, ஏறும் வழியைக் கடினமாக்கியதும் தடியில்லாமல் வளர்ந்தவை பின்தங்கின, சில ஏறவேயில்லை. தாழ்ந்த படியில் இரண்டும் சமமாக ஏறியமையால், குறை காலின் வலிமையில் இல்லை என்றும், உயரத்தையும் தூரத்தையும் அளந்தறியும் திறனிலேயே உள்ளது என்றும் ஆய்வாளர் முடிவு கொண்டனர்.

அதாவது, குஞ்சுப் பருவத்தில் கற்காத பாடத்தைப் பின்னர் கற்பிக்க முடியும். ஆனால் படிப்படியாகவே கற்பிக்க வேண்டும். இருட்டில் குச்சியால் துரத்திக் கற்பிக்க முடியாது.

தடியை எப்படி அமைப்பது?

குஞ்சுகளை வீட்டிலேயே பொரிக்கச் செய்து வளர்ப்போர் பேறு பெற்றவர்கள். குஞ்சுகளுக்கு 2 வாரம் நிறையும்போது தரையிலிருந்து 3 அல்லது 4 அங்குல உயரத்தில் ஒரு சிறு தடியை வைத்துவிட்டாற் போதும். பகலில் அதில் ஏறியும் இறங்கியும் விளையாடும். வளர வளரத் தடியையும் உயர்த்திச் செல்லலாம். 3 மாதத்தில் அக்குஞ்சுகளுக்கு எவரும் எதையும் கற்பிக்க வேண்டியிராது.

வளர்ந்த இளம்பேடுகளை வாங்குவோர் கீழ்க்கண்டவாறு செய்க. நிலத்திலிருந்து 1 அடியில் ஒரு தடி, 2 அடியில் ஒரு தடி, 3 அடிக்குச் சற்றுக் குறைவாக ஒரே மட்டத்தில் இரண்டு தடிகள். கீழுள்ள இரண்டும் படிகள். மேலுள்ள இரண்டும் படுக்கை. மேலே இரண்டு தடிகள் ஏன் என்று கேட்கலாம். கோழிகள் யாவும் மிக உயர்ந்த தடியையே விரும்பும். உயர்ந்தது ஒன்றே இருந்தால் ஒவ்வோர் அந்தியிலும் சண்டை மூளும். மென்மையான பேடு கொத்து வாங்கிக் கீழே வரும்; வந்தது பெட்டிக்குள் புகும்.

ஒரு கோழிக்குத் தடியில் 8 முதல் 10 அங்குல நீளம் இருத்தல் வேண்டும். தடிக்கும் சுவருக்கும் இடையே 1 அடியும், தடிக்கும் தடிக்கும் இடையே 1 அடியும் விடுக. தடியின் தடிப்பு ஏறக்குறைய 2 அங்குலம். மேல் விளிம்புகளை இழைத்து உருட்டையாக்க வேண்டும். பூவரசங் கொம்பைத் தோலுரித்துக் காயவைத்து எடுத்தால் நன்று. எம் பகுதியில் எளிதிற் கிடைப்பது பனஞ்சலாகை. ஆனால் அதன் சிராய் ஊசி போன்றது. கோழியின் உள்ளங்காலில் ஏறினால் புண்ணாகிக் கட்டியாகிவிடும். பனஞ்சலாகையைப் பயன்படுத்துவோர் நன்றாக இழைத்துத் தேய்த்தே பயன்படுத்துக. பிளாஸ்ரிக் குழாயும் இரும்புக் குழாயும் வழுக்கும், விலக்குக. எதை வைத்தாலும் அசையாமலும் உருளாமலும் பொருத்துதல் வேண்டும். ஒருமுறை உருண்ட தடியை இளம்பேடு எளிதில் நம்பாது.

4 அடிக்கும் 5 அடிக்கும் தடியை உயர்த்துவது எமது பழைய பிழை. கோழிக்கு ஏறுவதிலும் இறங்குவதே கடினம். சிறிய கூட்டில் உயரத்திலிருந்து குதிக்கும் முட்டைக் கோழியின் மார்பெலும்பு அடிபட்டு முறிவதுண்டு. இறங்குவதற்கு முன்புறத்தில் போதிய வெறுந்தரை விடுங்கள்.

மற்றொரு முக்கியமான செய்தி: கோழியின் எச்சத்திற் பெரும்பங்கு இரவிலேயே விழுகின்றது. ஆதலால் தடிக்கு நேர்கீழே பெட்டியோ, தீன் தொட்டியோ, தண்ணீர்ப் பாத்திரமோ இருத்தல் ஆகாது. கீழே சாம்பலும் உமியும் பரப்பி, இரு நாட்களுக்கு ஒருமுறை வாரி எருக்குழியிற் சேர்த்தால், கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளையாகும். மட்கிய பின்னரே பயிருக்கு இடுக.

அந்திப் பாடம்

தடி அமைத்தாயிற்று. இனிக் கோழியை அதில் ஏற்றுவது எவ்வாறு?

முதல் 4 நாட்களுக்குப் புதிய கோழிகளைக் கூட்டிலிருந்து வெளியே விடாதீர்கள். கூடே தம் வீடு என்பதை அவை அறிய வேண்டும். பகலில் 1 அடித் தடியின் மேல் சிறிது குரக்கனையோ நெல்லையோ ஒரு சிரட்டையில் வைத்துவிடுங்கள். தீனைக் காட்டி ஏற்றுவதே பகற்பாடம். அடுத்த நாள் சிரட்டை 2 அடித் தடிக்குப் போகட்டும்.

அந்திப்பாடம் வேறு. சூரியன் மறைந்து, கோழிகள் ஓரிடத்தில் அடங்கி, இருள் பரவிய பின்னர் கூட்டுக்குட் செல்லுங்கள். பெரிய விளக்கு வேண்டாம், பேச்சும் வேண்டாம். தரையிலோ பெட்டியிலோ படுத்திருக்கும் கோழியை இரு கைகளாலும் சிறகுகளைச் சேர்த்தணைத்துத் தூக்கி, தடியின் மேல் வையுங்கள். விரல்கள் தடியைப் பற்றும் வரை கையை எடுக்காதீர்கள். இருளிற் கண் தெரியாமையால் அது மீண்டும் இறங்க முனையாது; அங்கேயே உறங்கிவிடும். காலையில் தடியில் கண்விழித்து, தானே இறங்கி வரும். இதை ஒவ்வொரு மாலையும் தவறாமற் செய்தல் வேண்டும். சில பேடுகள் மூன்றே நாளிற் கற்கும். சில 2 வாரம் எடுக்கும். ஒன்றிரண்டு கற்றுவிட்டால் மற்றவை பார்த்துப் பின்பற்றும்.

இந்நாட்களில் பெட்டிகளின் வாயைப் பிற்பகலிலேயே பலகைத் துண்டால் அடைத்துவிட வேண்டும். கோழி புகுந்த பின் துரத்துவதிலும், புகுமுன் அடைப்பதே மேல்.

மாதத்திற்கொருமுறை இரவில் ஒரு வெள்ளைத் துணியால் தடியின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் இரத்தக் கறை போலக் கோடு விழுந்தால், பகலில் பலகை இடுக்கில் ஒளிந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் செவ்வுண்ணிகள் குடியேறிவிட்டன என்று அறிக. தடியில் உறங்கிய கோழிகள் காரணமின்றி அதைக் கைவிட்டு மரத்தை நாடினால், முதலிற் பார்க்க வேண்டியதும் இதையே. தடிகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலிற் காயவைத்து, இடுக்குகளைச் சுரண்டித் துப்புரவாக்குங்கள். மீண்டும் மீண்டும் வந்தால் கால்நடை வைத்தியரைக் கேளுங்கள்.

பெட்டியைத் திறக்கும் காலம்

முட்டைப் பெட்டியை எப்போது கொடுப்பது என்பதைக் கோழியே சொல்லும். நல்லினப் பேடுகள் 18 முதல் 22 வாரத்தில் முதல் முட்டையிடும். ஊர்க்கோழிகள் ஆறு மாதமோ அதற்கு மேலோ எடுக்கும். அதற்குச் சில வாரங்களின் முன்னரே கொண்டையும் தாடியும் சிவந்து பெருக்கும். முதுகிற் கைவைத்தால் சிறகை விரித்துத் தரையோடு பதுங்கும். மூலை முடுக்கெல்லாம் தலையை நீட்டிப் பார்த்துக் கேரித் திரியும். இவற்றைக் கண்டதும் பகலில் பெட்டியைத் திறந்துவிடுங்கள். முட்டை விழுந்த பின் பெட்டி செய்ய ஓடுவோர் பெரும்பாலும் பற்றையிடம் தோற்றுப்போவர். முதல் முட்டையை எங்கே இட்டதோ அங்கேயே அடுத்ததையும் இடப் பேடு விரும்பும்.

பெட்டி நீள அகல உயரம் 1 அடி இருந்தாற் போதும். 4 அல்லது 5 கோழிகளுக்கு ஒன்று கணக்கு. எத்தனை பெட்டிகள் வைத்தாலும் எல்லாப் பேடுகளும் ஒன்றின் முன்னே வரிசையில் நிற்பதைக் கண்டு வியப்படைய வேண்டாம். இன்னொன்று முட்டையிட்ட இடத்தை அவை பாதுகாப்பானதாகக் கருதும். பெட்டியின் வாயில் 4 அங்குல உயரத்திற்குக் குறுக்குப் பலகை அடித்தால் வைக்கோலும் முட்டையும் வெளியே உருளா. மேற்பலகையைச் சரிவாக அமைத்தால் கோழி அதன்மேல் ஏறிப் படுக்காது. பெட்டி தடியிலும் தாழ்ந்து, நிலத்திலிருந்து 1 அடிக்குள், வெளிச்சம் நேரே விழாத பக்கத்தில் இருக்கட்டும். பழைய கடகமும் உடைந்த வாளியும்கூடப் போதும். கோழி மரவேலையைப் பார்ப்பதில்லை.

உள்ளே 4 அங்குலத்திற்கு உலர்ந்த வைக்கோல் அல்லது மரச்சீவல் இடுக. பூஞ்சணம் பிடித்த வைக்கோல் கோழியின் மூச்சுக்குக் கேடு. எம் ஆச்சிமார் பெட்டிக்குள் ஒரு முட்டையை எடுக்காமல் விட்டுவைப்பது வழக்கம். அதைக் கண்ட பேடு அங்கேயே இடும் என்பது அவர்கள் கண்டறிந்தது, உண்மையுமாகும். ஆனால் நம் வெப்பத்தில் அந்த முட்டை கூழாகிவிடும். அதற்குப் பதிலாக மேசைப்பந்தாட்டப் பந்தையோ, மரத்திற் கடைந்த முட்டையையோ வைக்கலாம்.

கோழியின் உடலில் ஒரு முட்டை உருவாக 24 மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகும். அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு அமைவதற்கே செல்கின்றது. பெரும்பாலான பேடுகள் விடிந்து சில மணி நேரத்திற்குள் முட்டையிடும். ஆகவே மாலையில் அடைத்த பெட்டியை, கோழிகள் தடியில் உறங்கிய பின் ஓசையின்றித் திறந்துவைத்துவிட்டு வந்து படுங்கள். விடியற்காலையில் முட்டை வந்த பேடு பூட்டிய வாசலின் முன் நிற்கக் கூடாது. எல்லாம் தடியிலேயே உறங்கப் பழகிய பின்னர் அடைக்கும் வேலையும் இல்லை.

முட்டையிடத் தொடங்கியதும், மட்டி அல்லது சிப்பி ஓட்டைக் கழுவி உலர்த்தி இடித்துத் தனிச் சிரட்டையில் வையுங்கள். வேண்டிய பேடு வேண்டியவளவு கொத்தும். முட்டையிடாத இளங்குஞ்சுகளின் தீனில் அதைக் கலத்தல் கூடாது.

பற்றைக்குள் முட்டையிடும் கோழிக்கு

இனி வடமராட்சித் தாயாருக்கு நேராகச் சொல்வோம். அம்மா, உங்கள் கோழிகளிலும் பிழையில்லை, பெட்டிகளிலும் பிழையில்லை. பெட்டி முந்தியது, தடி பிந்தியது. அவ்வளவுதான்.

பெட்டிகளைக் கழற்றிக் கழுவி வெயிலில் வையுங்கள். படிப்படியாகத் தடிகளை அமைத்து, மேற்சொன்ன அந்திப்பாடத்தை 10 நாள் நடத்துங்கள். அதே 10 நாளும் காலை 11 மணி வரை கோழிகளைக் கூட்டுக்குள்ளேயே வைத்துத் தீனும் தண்ணீரும் கொடுங்கள். புதிய வைக்கோலும் பொய்முட்டையும் இட்ட பெட்டிகள் அதிகாலை தொட்டுத் திறந்திருக்கட்டும். பற்றையிலுள்ள கூட்டைக் கலைத்து, அவ்விடத்தை வெட்டித் துப்புரவாக்குங்கள். தரையில் இட்ட முட்டையை உடனே எடுத்துவிடுங்கள்.

முட்டைகளைப் புதைத்ததற்காக மனம் நோக வேண்டாம். எத்தனை நாளானது என்று தெரியாத முட்டைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டது நன்றே. இனிமேல் ஒளிப்பிடத்தில் முட்டை கண்டால் ஒரு பாத்திரத் தண்ணீரில் இட்டுப் பாருங்கள். புதியது அடியிற் கிடையாகப் படுக்கும். நாட்பட நாட்பட உள்ளே காற்றறை பெருத்து நிமிர்ந்து நிற்கும். மிதப்பதை எறிந்துவிடலாம். இச்சோதனை முட்டையின் வயதைக் காட்டுமேயன்றிக் கிருமியைக் காட்டாது. ஆதலின் அத்தகைய முட்டையைத் தனியே உடைத்துப் பார்த்து, நன்றாக அவித்தே உண்ணுக.

மாணவர்களுக்கு

'கொத்து வரிசை' என்பதை உயிரியற் பாடத்திற் கேள்விப்பட்டிருப்பீர்கள். எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது எதற்கு அஞ்சும் என்னும் ஒழுங்கை 1920களின் தொடக்கத்தில் உலகிற்கு எடுத்துரைத்தவர் நோர்வே நாட்டவரான ஷெல்டரப்-எபே. அவர் சிறுவனாயிருந்த காலத்திலேயே கோழிகளை அவதானித்துக் குறிப்பெழுதத் தொடங்கியவர். அவருக்கு வேண்டியிருந்தவை ஒரு கோழிக்கூடும் ஒரு கொப்பியுமே.

உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி எடுங்கள். 2 வாரம், அந்தி தொடங்கியது முதல் கடைசிக் கோழி தடியேறும் வரை பாருங்கள். முதலில் ஏறியது எது, எத்தனை மணிக்கு, எந்தப் படியில் தயங்கியது, எதை எது கொத்தியது, எது எவ்விடத்தில் அமர்ந்தது என்று குறியுங்கள். 2 வாரம் முடிந்ததும் எந்தக் கோழிக்குத் துணை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தெரியாது.

எம் வீட்டில் அத்தகைய கொப்பியொன்று இருக்கின்றது. முருங்கையடியில் இறகுகளைக் கண்ட நாளுக்கு மறுநாள் பேர்த்தி எழுதத் தொடங்கியது. அன்றே நாம் 4 அடித் தடியைக் கழற்றினோம். படிகளின் உயரத்தை அவளே கூட்டுக்குள் நின்று, தன் முழங்காலையும் இடுப்பையும் அளவாகக் காட்டிச் சொன்னாள். கிணற்றடி முருங்கையின் தாழ்ந்த கிளையையும் தறித்தோம். மீதி ஐந்து பேடுகளும் ஒன்பதாம் நாள் தாமாகவே ஏறின. முதல் முட்டை ஐப்பசியில் கிடைத்தது, பெட்டிக்குள்ளேயே.

அந்த முட்டையை அவள் உண்ண மறுத்துவிட்டாள். தம்பிக்குக் கொடுக்கச் சொன்னாள். அன்றிரவு வழக்கம் போலக் கூட்டடிக்குப் போய், தடியிலிருந்த கோழிகளை எண்ணிக் கொப்பியில் எழுதினாள். இன்றும் எண்ணுகின்றாள். மாலையில் எவ்வளவு வேலை இருந்தாலும் அவள் வந்து கணக்குச் சொல்லும் வரை நாம் கூட்டுக் கதவைப் பூட்டுவதில்லை. கணக்குக் குறைந்தால், ஏணி இப்போது கூட்டுச் சுவரிலேயே சாத்தியிருக்கின்றது.

அடுத்த வாரம், அடைகாக்க விரும்பும் கோழியைப் பற்றியும் 21 நாட் கணக்கைப் பற்றியும் எழுதுவோம்.